ஃபாதர் ஆகணும், மானிடவியலும் படிக்கணும் என்கிற மகனின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த பையன் ஃபாதர் ஆவதற்கான குருமடத்துக்கும் போக வேண்டும், மனிதக் கூட்டங்களின் வாழ்க்கையையும் வழக்கங்களையும் படிக்கிற மானிடவியலில் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறான். இரண்டும் ஒரே ஆளால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மெதுவாகத்தான் நடக்கும்.

மார்ட்டின் குசிண்டே என்ற ஃபாதரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1886இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்த ஜெர்மானியர். எஸ்.வி.டி. என்கிற இறைவார்த்தைத் துறவற சபையில் 1911இல் குருப்பட்டம் பெற்றார். மறு வருடம் சபை அவரைச் சிலிக்கு அனுப்பியது, சாந்தியாகோவில் ஒரு ஜெர்மன் பள்ளியில் பாடம் நடத்த. வாத்தியார் வேலையிலிருந்துதான் அவருடைய ஆராய்ச்சி கிளைத்தது. 1918 முதல் 1924 வரை நான்கு முறை தென் அமெரிக்காவின் தென்கோடியான தியரா டெல் ஃபியூகோ தீவுகளுக்குப் போனார். யாமனா மக்கள் தங்கள் இளைஞர்களுக்கு நடத்தும் சடங்கில் அவரையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1923இல் அதே தீவுகளில் வாழ்ந்த செல்க்நாம் மக்களின் ‘ஹைன்’ சடங்கில் இருந்தார். ஆண்கள் உடம்பெல்லாம் வண்ணம் பூசி, முகமூடி போட்டு ஆவிகளாக வருவார்கள். அதைப் படம் எடுக்க அவரை அனுமதித்தார்கள். ஆட்டுப்பண்ணைக்காரர்களின் கொலைகளாலும் நோயாலும் அந்த இனம் சில நூறு பேராகச் சுருங்கியிருந்த காலம் அது. அந்தச் சடங்கைப் பற்றி இன்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதி வைத்ததுதான். என்னைக் கேட்டால், ஒரு குருவின் பணியாகவே இதை மதிப்பேன்.

வயதைக் கவனியுங்கள். வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கியது 1926இல், நாற்பது வயதில். வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது அறுபதைத் தாண்டி. இந்தியாவிலும் அதே சபையின் ஸ்டீபன் ஃபுக்ஸ், மத்தியப் பிரதேசத்தின் நிமாட் பகுதி பலாஹி மக்களிடையே பணி செய்துகொண்டே அவர்களைப் பற்றி எழுதினார்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். திருச்சபைச் சட்டப்படி தத்துவமும் இறையியலும் சேர்த்து ஆறு வருடப் படிப்பு. 25 வயது முடியாமல் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை. துறவற சபை என்றால் நவதுறவகம் என்கிற ஆரம்பப் பயிற்சிக் காலமும் உண்டு. என்ன மேற்படிப்பு என்பதை ஆயரோ சபைத் தலைவரோதான் முடிவு செய்வார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு என்பது இதுதான். துறவற சபையில் கல்லூரிச் சம்பளமும் சபைக்கே போகும். அவன் வருமானத்தை நம்பித்தான் குடும்பம் இருக்கிறது என்றால், தயங்காமல் இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆராய்ச்சிக்கே அனுப்பாமல் ஒரு கிராமத்துப் பங்குக் கோயிலில் இருபது வருடம் வைத்தாலும் உனக்குச் சம்மதமா?” யோசிக்காமல் தலையாட்டினால் குருமடத்துக்குப் போகட்டும். தயங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லறத்தில் இருந்தே மானிடவியலாளர் ஆகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. அப்புறம் நெட் தேர்வு, அருங்காட்சியகங்கள், இந்திய மானிடவியல் ஆய்வகம் என்று வழிகள் உண்டு. சேர்க்கைத் தகுதியை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படியானாலும் ஒரு இளங்கலைப் பட்டத்தை முடித்துவிட்டுக் குருமடத்துக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. சமூகவியலோ வரலாறோ எடுக்கலாம். பாதியில் திரும்பி வருபவர்கள் உண்டு. பட்டம் கையில் இருந்தால் தடுமாற்றம் குறையும். இந்த விடுமுறையில், குருவாக விரும்பும் பையன்களுக்குச் சபைகள் நடத்தும் இறையழைத்தல் முகாமுக்கு அவனோடு நீங்களும் போய், பொறுப்பு ஃபாதரிடம், “உங்கள் சபையில் யாரையாவது மானிடவியல் படிக்க அனுப்பியிருக்கிறீர்களா, அவர் இப்போது எங்கே என்ன பணியில் இருக்கிறார்?” என்று நேராகக் கேளுங்கள். முடிந்தால் அந்த ஃபாதரிடமே பையனைப் பேச வையுங்கள்.