வீட்டு விலை 2,00,000 யூரோ. கையில் 2,20,000 போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் பிரிட்டனில் வேலை செய்கிறோம். ஸ்பெயினில் மாலகா பக்கம் 2,00,000 யூரோவுக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறோம். எங்கள் சேமிப்பு பவுண்டில் இருக்கிறது. இன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 2,20,000 யூரோ. கடன் வாங்காமல் முடித்துவிடலாமா?

பதில்: சாவி கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் மூச்சு முட்டும். கணக்கைப் போட்டே பார்ப்போம்.

மாலகா அந்தலூசியா பகுதியில் வருகிறது. அங்கே பழைய வீட்டுக்குக் கைமாற்று வரி 7 சதவீதம், அதாவது 14,000 யூரோ. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 2022 முதல் ஸ்பெயினில் பெரும்பாலான வீடுகளுக்கு அரசு ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் விலை, அந்த மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. பேரம் பேசி 2,00,000க்கு முடித்த வீட்டின் வழிகாட்டி மதிப்பு 2,20,000 என்று வையுங்கள். வரி 15,400 ஆகிவிடும். நல்ல விலைக்கு வாங்கிய சந்தோஷத்திலேயே 1,400 யூரோ துண்டு விழும். நில அளவைத் துறையான கடாஸ்ட்ரோவின் இணையதளத்தில் இந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

அப்புறம் வழக்கறிஞர். பொதுவாக விலையில் 1 சதவீதம், அதன் மேல் 21 சதவீத மதிப்புக்கூட்டு வரி, ஆக 2,420. நோட்டரிக்கும் பத்திரப்பதிவுக்கும் சேர்த்து 2,000 என்று வைப்போம். வரியை அந்த 15,400 என்றே எடுத்துக்கொண்டால் மொத்தம் 19,820. உங்கள் 2,20,000இல் மிச்சம் 180 யூரோ. கட்டில், மெத்தை, காப்பீடு, மின் இணைப்பைப் பெயர் மாற்றுவது, போய்வரும் விமானச் செலவு எல்லாவற்றுக்கும் அந்த 180தான்.

இதைவிடப் பெரிய கவலை உங்கள் பவுண்ட். ஒப்பந்தத்தின்போது வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கொடுப்பார்கள். மீதி 1,80,000 யூரோவைக் கட்ட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் பவுண்ட் 5 சதவீதம் சரிந்தால், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 9,500 யூரோ கூடுதலாகத் தேவைப்படும். பணம் புரட்ட முடியாமல் பின்வாங்கினால், வழக்கமான முன்பண ஒப்பந்தப்படி கொடுத்த 20,000 போய்விடும். (விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், ஆனால் அதை நம்பி யாரும் வீடு வாங்குவதில்லை.) விகிதத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் வசதியைப் பணமாற்று நிறுவனங்கள் தருகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே அதையும் முடித்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான். வீட்டு விலையிலிருந்து தொடங்காதீர்கள், கையிலிருக்கும் பணத்திலிருந்து தொடங்குங்கள். வரிக்கும் மற்ற செலவுக்கும் விலைக்கு மேல் 15 சதவீதம் ஒதுக்குவதாக வைத்து, 2,20,000ஐ 1.15ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,91,000 வரும். அதற்கு மேல் விலையுள்ள வீட்டைப் போய்ப் பார்க்கவே வேண்டாம். பார்த்தால் மனம் கேட்காது.

கேள்வி: வழக்கறிஞர் இல்லாமல் நோட்டரியை வைத்தே முடித்தால் 2,420 யூரோ மிச்சமாகுமே?

பதில்: தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள். நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவானவர். உங்களுக்காக மட்டும் வில்லங்கம் தோண்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. விற்பவர் அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தால், நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளின் பாக்கிக்கு வீடே ஈடு. அது உங்கள் தலையில்தான் விடியும். பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவராக இருந்தால், விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து வைத்து, ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது 6,000 யூரோ. விலைக்குள்ளேயே அடங்கும் தொகைதான், கூடுதல் செலவில்லை. ஆனால் தெரியாமல் முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பொறுப்பு வீட்டின் மேல் ஏறிவிடும்.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீடு என்றால் இந்தச் செலவு குறையுமா?

பதில்: கூடும். கைமாற்று வரிக்குப் பதிலாக 10 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், அந்தலூசியாவில் 1.2 சதவீத முத்திரை வரியும் வரும். 2,00,000க்கு 22,400. உங்கள் பணம் வரியிலேயே தாண்டிவிடுகிறது.

கேள்வி: வாடகைக்கு விடப்போவதில்லை, விடுமுறைக்கு மட்டும் போவோம். ஆண்டுச் செலவு பெரிதாக இருக்காது அல்லவா?

பதில்: பூட்டிக் கிடந்தாலும் செலவு உண்டு. உள்ளாட்சிக்குச் சொத்து வரி, குப்பைக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், காப்பீடு. நீச்சல் குளமும் மின்தூக்கியும் இருக்கிற கட்டடம் என்றால் பராமரிப்புக் கட்டணம்தான் இவற்றில் கையைக் கடிக்கும். கடைசி ஆண்டு ரசீதுகளை விற்பவரிடம் கேளுங்கள்.

பலரும் கேள்விப்படாத ஒரு வரியும் இருக்கிறது. வாடகை வராத வீட்டிலும் உங்களுக்கு வருமானம் இருப்பதாக ஸ்பெயின் வரித்துறை கருதும். கடாஸ்ட்ரோ பதிவேட்டு மதிப்பில் (முன்பு சொன்ன வழிகாட்டி மதிப்பு அல்ல, இது வேறு) 1.1 அல்லது 2 சதவீதம்தான் அந்த வருமானம். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு அதில் 24 சதவீதம் வரி. பதிவேட்டு மதிப்பு 80,000 என்றால் ஆண்டுக்கு 211 யூரோ அல்லது 384 யூரோ. தொகை சிறியதுதான், ஆனால் யாரும் ரசீது அனுப்ப மாட்டார்கள். நீங்களாகத்தான் அடுத்த ஆண்டு முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் ஆளுக்கு ஒரு படிவம். அதை நிரப்பித் தர ஆள் வைத்தால் அந்தக் கட்டணமும் இரண்டாகலாம். வழக்கறிஞரிடம் பேசும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.