ஒரே ஷிராஸ், இரண்டு சுவை: லேபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஒரே ஆண்டு அறுவடையில் வந்த இரண்டு ஆஸ்திரேலிய ஷிராஸ் (ஷிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்) வாங்கினேன். ஒன்று ஜாம் வாசனையோடு கனமாக இருந்தது. மற்றொன்று மெலிசு, மிளகு நெடி. தோட்டம் இருக்கும் இடம்தான் காரணமா? எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அதைக் கடையில் எப்படி அடையாளம் காண்பது?

பதில்: பெரும்பாலும் இடம்தான் காரணம். ஆனால் நாட்டின் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழம் பழுக்கும் வாரங்களில் அந்தத் தோட்டத்தில் வெயில் எப்படி, இரவில் எவ்வளவு குளிர்கிறது என்பதுதான் கணக்கு.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கையும் அதை ஒட்டிய ஈடன் பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பரோசாவின் தாழ்நிலத்தில் நல்ல வெயில். பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது என்பதால் 14.5 சதவீதத்தைத் தாண்டுவது அங்கே சாதாரணம். கரும்பழம், சாக்லேட் வாசனை, வாயில் நிறைந்து நிற்கும் கனம் எல்லாம் இதனால் வருபவை. ஈடனின் தோட்டங்கள் பலவும் 400 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. இரவுக் குளிரில் புளிப்பு தங்கிவிடும், பழம் நிதானமாகப் பழுக்கும், ஒயினும் கொஞ்சம் ஒல்லியாக வரும்.

அப்புறம் மிளகு. அந்த மணம் கற்பனை இல்லை. மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே போதும், மூக்குக்கு எட்டிவிடும். வெயில் நேராகப் படும் குலையில் இது குறையும், நிழலில் குளிர்ச்சியாக இருக்கும் குலையில் கூடும். ஒரே தோட்டத்துக்குள் சரிவின் திசை மாறினாலே அளவு பல மடங்கு மாறுகிறது. விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதி மிளகு நெடிக்குப் பேர்போனது அதன் குளிர்ச்சியால்தான். பிரான்ஸில் வடக்கு ரோன் ஒயின்களிலும் இதே மணம் உண்டு. அங்கே இதே ஷிராஸ் திராட்சைக்குப் பெயர் சிரா. ஆனால் லேபிளில் பெரும்பாலும் கோட் ரோட்டி, கோர்னாஸ் என்று இடப்பெயர்தான் இருக்கும்.

இந்தக் கணக்குக்கு அடங்காத இடமும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கு நல்ல சூடான பகுதி, ஆனாலும் அதன் ஷிராஸ் பலவும் நடுத்தரக் கனம்தான். பிற்பகலில் மேகம் மூடிவிடும். கோடை மழைக்குப் பயந்து பழத்தைச் சீக்கிரமே பறித்தும் விடுவார்கள்.

மண்ணைப் பற்றி விற்பவர்கள் அளக்கும் கதையில் பாதியைத் தள்ளிவிடலாம். கல்லின் ருசி வேர் வழியாக ஏறி ஒயினுக்கு வருவதில்லை. தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பதில்தான் மண்ணின் வேலை. வறண்ட மண்ணில் பழம் சிறுக்கும், சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும், அதனால் நிறமும் துவர்ப்பும் ஏறும்.

சரி, கடைக்குப் போகும்போது முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 13, 13.5 என்றால் நீங்கள் தேடும் பக்கம். அடுத்து பகுதியின் பெயர். ஆஸ்திரேலிய விதிப்படி, குறிப்பிட்ட பகுதியிலிருந்து குறைந்தது 85 சதவீதப் பழம் வந்திருக்க வேண்டும். 'பரோசா' என்று மட்டும் இருந்தால் கவனம்: அந்தப் பெயர் பரோசா பள்ளத்தாக்கு, ஈடன் இரண்டையும் சேர்த்தது. 'ஈடன் பள்ளத்தாக்கு' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்றிருந்தால் இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பல மாநிலங்களை அடக்கிய பெயர் அது. ஓக் பீப்பாயில் எத்தனை மாதம், எப்போது பறித்தார்கள் என்பதும் சுவையை மாற்றும். இரண்டும் லேபிளில் அபூர்வமாகத்தான் இருக்கும்.

நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது ஒரு விஷயம்: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் மணம் சுத்தமாகத் தெரியாது. "மிளகா? எங்கே?" என்று யாராவது கேட்டால் வாக்குவாதம் வேண்டாம்.