கேட்டதும் சொன்னதும்: அறுபதுகளின் பிரிட்டிஷ் டிவி

? பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் பகுதி, கென்னடி கொலைச் செய்தியால் பத்து நிமிடம் தாமதமாக ஒளிபரப்பானதாமே? (மதுரை வாசகர்)

பத்து நிமிடமெல்லாம் இல்லை, 80 விநாடிதான். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. பிபிசியின் நிகழ்ச்சிப் பட்டியல் இதழான 'ரேடியோ டைம்ஸ்'இல் அச்சான நேரம் மாலை 5.15, தொடங்கியது 5 மணி 16 நிமிடம் 20 விநாடிக்கு.

நிகழ்ச்சி நிரல் உண்மையில் குலைந்தது முந்தைய நாள். கென்னடி சுடப்பட்டபோது லண்டனில் வெள்ளிக்கிழமை மாலை 6.30. ஏழு மணிக்கு மேல் பிபிசி நடப்பு நிகழ்ச்சியை நிறுத்திச் செய்தி சொன்னது. மரணம் உறுதியான பிறகு சுழலும் பூமி உருண்டைச் சின்னத்தைக் காட்டி இசை போட்டது. அதற்கப்புறம் ஹாரி வொர்த்தின் நகைச்சுவை நிகழ்ச்சியைப் பழையபடி ஓடவிட்டு, நேயர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. மறுநாள் இரவு, வாராவாரம் அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' குழுவினர் கிண்டலை அடியோடு விட்டுவிட்டு, சுமார் 20 நிமிட அஞ்சலியோடு முடித்துக்கொண்டார்கள்.

'டாக்டர் ஹூ' முதல் பகுதி நவம்பர் 30 அன்று இரண்டாம் பகுதிக்கு முன்பாக மறுபடி ஒளிபரப்பானது. கென்னடி செய்தியின் பரபரப்பு ஒரு காரணம், சில இடங்களில் ஏற்பட்ட மின்தடை இன்னொன்று. அந்த முதல் பகுதியை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாத சங்கதி.

? அறுபதுகளில் ஒரு குறிப்பிட்ட நாளில் என்னென்ன காட்டினார்கள் என்று எப்படித் தேடுவது? (ஆய்வு மாணவி, திருச்சி)

பிபிசி என்றால் 'பிபிசி ஜீனோம்' இணையதளத்தில் தொடங்குங்கள். 1923 முதல் 2009 வரையிலான ரேடியோ டைம்ஸ் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன, கட்டணம் கிடையாது. தேதியைக் கொடுத்துச் சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் முதல் சறுக்கல்: 1964 ஏப்ரல் 20க்கு முன் இரண்டாவது சேனலான பிபிசி டூ கிடையாது, இருந்தது ஒரே பிபிசி டெலிவிஷன்தான். அந்த ஏப்ரல் 20கூடப் பட்டியலை நம்ப முடியாத நாள். பேட்டர்ஸீ மின் நிலையத்தில் தீப்பிடித்து லண்டனின் பெரும்பகுதி இருளில் மூழ்கியதால், பிபிசி டூவின் தொடக்க விழா நிகழ்ச்சிகள் நடக்கவே இல்லை. மறுநாள் காலை 11 மணிக்கு வந்த 'ப்ளே ஸ்கூல்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிதான் முதல் முழு நிகழ்ச்சி ஆயிற்று. பட்டியலில் இதெல்லாம் தெரியாது. அச்சுக்குப் போனது பட்டியல். வானில் போனது வேறு.

வானில் போனதைத் தெரிந்துகொள்ள, ரெடிங் அருகே கேவர்ஷமில் உள்ள பிபிசி எழுத்து ஆவணக் காப்பகத்தின் அன்றாட ஒளிபரப்புப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

விளம்பர வருமானத்தில் ஓடிய தனியார் சேனலான ஐடிவி தனிக் கதை; வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம் அதை நடத்தியது. ரேடியோ டைம்ஸில் ஐடிவி நிகழ்ச்சி இருக்காது. 1991 வரை அதற்குப் பெரும்பாலும் 'டிவி டைம்ஸ்' இதழைப் பார்த்தாக வேண்டும். அதிலும் வட்டாரத்துக்கு ஒரு பதிப்பு. லண்டனிலேயே 1968 ஜூலை வரை வார நாளுக்கு ரெடிஃப்யூஷன் நிறுவனம், வார இறுதிக்கு ஏடிவி நிறுவனம். பிறகு தேம்ஸும் லண்டன் வீக்எண்டும். எந்த ஊர்ப் பதிப்பு என்று குறிக்காமல் ஐடிவி நேரத்தை மேற்கோள் காட்டினால் ஆய்வேட்டில் அது பயன்படாது.

நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றும்போதும் கவனம் தேவை. 1968 பிப்ரவரி முதல் 1971 அக்டோபர் வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. ஆகவே அந்தக் குளிர்காலங்களில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி அல்ல, நாலரை மணி.

? பகலில் மணிக்கணக்காக ஒரே படத்தைக் காட்டி இசை போட்டார்களாமே, நிகழ்ச்சி தயாரிக்கப் பணம் இல்லையா? (ஈரோடு வாசகர்)

பணமும் ஒரு காரணம்தான். ஆனால் சட்டம் பெரிய காரணம். வாரத்துக்குச் சுமார் 50 மணி நேரம் என்று அரசே உச்சவரம்பு வைத்திருந்தது; அது 1972இல்தான் நீங்கியது. பள்ளி நிகழ்ச்சிகள், மத நிகழ்ச்சிகள், மைதானத்திலிருந்து வரும் நேரடி ஒளிபரப்புகள் போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு, அந்த 50 மணியில் அவை சேராது. குதிரைப் பந்தயமும் கிரிக்கெட்டும் பிற்பகலை அடைத்துக்கொண்டதன் சூட்சுமம் இதில் இருக்கிறது.

சாதாரண வார நாளில் பிபிசியில் முற்பகல் பள்ளிப் பாடம், 1.30 வாக்கில் மழலைகளுக்கான கால் மணி நேர 'வாட்ச் வித் மதர்', ஐந்து மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி, பிறகு செய்தி, நாடகம். நள்ளிரவு நெருங்கும்போது தேசிய கீதத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். இடைவெளியில் வந்த அந்த ஒரே படம், அதாவது 'டெஸ்ட் கார்டு', கடைக்காரருக்கானது. டிவி விற்பவர் வாடிக்கையாளருக்குப் பெட்டியை ஓட்டிக் காட்டவும், ஆன்டெனாவைத் திருப்பிப் பொருத்தவும் பகலில் ஏதாவது அலை வந்துகொண்டிருக்க வேண்டுமே!

? பழைய நிகழ்ச்சியின் 16 எம்எம் பிலிம் ஒன்றை டிஜிட்டலாக்கினோம். குரல் கொஞ்சம் கனத்துக் கேட்கிறது. ஏன்? (திரைப்படச் சங்கம், சென்னை)

விநாடிக்கு 24 ஃபிரேம் (படச் சட்டகம்) வேகத்தில் ஓட்டியிருப்பீர்கள். வெளிநாட்டு விற்பனைக்காக, டிவி திரைக்கு நேரே கேமராவை வைத்து எடுத்த பிரதிகள் இவை. பிரிட்டிஷ் டிவியின் வேகமான 25இல் எடுக்கப்பட்டவை. 24இல் ஓட்டினால் 25 நிமிட நிகழ்ச்சி 26 நிமிடம் ஆகும், சுருதியும் இறங்கும். கோப்பின் வேகத்தை 25 என்று மாற்றி, ஒலியையும் சேர்த்தே வேகப்படுத்துங்கள். 'சுருதி மாறாமல் காக்க' என்ற வசதியை அணைத்துவிட வேண்டும்.

? பழைய பொருள் சந்தையில் 1962ஆம் ஆண்டு டிவிப் பெட்டி ஒன்று வாங்கினேன். பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா? (ஹாரோ, லண்டன்)

மாட்டாதீர்கள். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் மெயின்ஸ் ஒயர் ஒன்று நேராக உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். பிளக்கில் ஒயர் மாறியிருந்தால் சட்டமே 240 வோல்ட். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் ஷாக்தான். பெட்டியை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பின்மூடியைத் திறக்க வேண்டாம். மெழுகுத் தாள் கெப்பாசிட்டர்கள் இத்தனை வருடத்தில் கசியத் தொடங்கியிருக்கும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுத்தால் வால்வுகளும், படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் லைன் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரிசெய்தாலும் படம் தானாக வராது. அது 405 வரிப் பெட்டி, அதாவது படத்தை 405 கிடை வரிகளாக வரைவது. அந்த ஒளிபரப்பு 1985 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்றைய சிக்னலை 405க்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டரும், அதைப் பெட்டி வாங்கக்கூடிய விஹெச்எஃப் அலைவரிசைச் சேனலில் ஏற்றும் மாடுலேட்டரும் வேண்டும். படம் வந்ததும் மேலும் கீழும் உருண்டால் பின்னாலுள்ள 'ஃபிரேம் ஹோல்ட்' குமிழை மெதுவாகத் திருப்புங்கள். அணைத்த பின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சற்று நேரம் நின்றால் பயப்பட வேண்டாம், படக்குழாயில் எலக்ட்ரானை உமிழும் கேதோடு ஆறும்வரை அப்படித்தான் இருக்கும்.