இரண்டாவது பனியன்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது ஐந்து மாதம். போன மாதம் குளிப்பாட்டும்போது மார்பில் இரண்டு பக்கமும் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்பட்டது. தொட்டால் வலிக்கிறது என்றாள். இந்தக் காலத்துச் சாப்பாட்டால்தான் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்வதால் கோழி, முட்டை, பால் மூன்றையும் நிறுத்திவிட்டேன். எட்டு வயதைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று படித்தேன், அதனால் டாக்டரிடம் போகவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை, கூச்சமாக இருக்கிறது. ஏழெட்டு மாதமாகவே அவள் ஒரு மாதிரிதான் இருக்கிறாள். வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கேட்டால் குளிருது என்கிறாள். இன்னும் எந்தெந்தச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் கோழிக்கே ஒரு பக்கம் போய்விட்டது. பனியனுக்கு ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெயிலில் எந்தப் பிள்ளைக்கம்மா குளிரும்? அவள் மறைக்கிறாள். நீங்கள் போன மாதம் பார்த்ததை அவள் ஏழெட்டு மாதத்துக்கு முன்பே பார்த்துவிட்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்: மேலே இன்னொரு பனியன். கணக்குப் போடுங்கள். எட்டு வயது ஐந்து மாதத்தில் ஏழெட்டு மாதத்தைக் கழித்தால் எட்டு வருமா? வராது. பெண் பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்கு முன், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்கு முன் பருவ மாற்றம் தொடங்கினால் மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். நீங்கள் கவனித்த நாளை வைத்துக்கொண்டு “தாண்டிவிட்டது” என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அது தொடங்கிய நாளை அந்தப் பனியன் சொல்கிறது. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், இருக்கட்டும். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நானும் இல்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன், அதைக் கேட்காமல் விடமாட்டீர்கள். கோழிமேல் பழி போடாதீர்கள். கறிக்கோழி வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் இல்லை. பாலும் முட்டையும் பெண் பிள்ளையைச் சீக்கிரம் பெரியவளாக்குகின்றன என்று சொல்ல உறுதியான சான்றும் கிடையாது.

ஆனால் சாப்பாட்டுக்கும் பருவத்துக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் பூப்பெய்தியது பதினாறு, பதினேழு வயதில். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பதின்மூன்றை ஒட்டி வந்துவிட்டது. பாக்கெட் தின்பண்டம் பெருகியது அதற்கெல்லாம் பிறகுதான். வயிறு நிறையக் கிடைத்தது, நோய் குறைந்தது, உடம்பு சீக்கிரம் தயாரானது. 1994இல் கண்டுபிடித்த லெப்டின் என்ற ஹார்மோனை உடம்புக் கொழுப்புதான் சுரக்கிறது. இருப்பு போதும் என்று மூளைக்குத் தகவல் சொல்வது அது. அளவுக்கு மீறி எடை ஏறிய பெண் பிள்ளைக்கு அந்தத் தகவல் சீக்கிரமே போகிறது. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் கொஞ்சம் தயாரிக்கும். எடை ஏறாவிட்டாலும் சர்க்கரை பானத்துக்குத் தனிப் பங்கு உண்டு போலிருக்கிறது. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தினம் ஒன்றரை தடவைக்கு மேல் அதைக் குடித்தவர்கள், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் குடிக்காதவர்களைவிட 2.7 மாதம் முந்திப் பூப்பெய்தினார்கள். மாதம் என்பதைக் கவனியுங்கள், வருடம் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. கோபன்ஹேகனில் 1991இல் பெண் பிள்ளைகளுக்கு மார்பு வளரத் தொடங்கிய சராசரி வயது 10.9. 2006இல் 9.9. பதினைந்தே வருடத்தில் ஒரு முழு வருடம் இறங்கிவிட்டது. எடையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள், அதை வைத்து இதை விளக்க முடியவில்லை. ஒல்லியான பிள்ளைக்கும் இது வரும். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் எந்த வயதில் பெரியவளானீர்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! உங்கள் கணவர் எந்த வயதில் திடீரென்று உயர்ந்தார் என்பதும் டாக்டருக்கு வேண்டிய தகவல்தான். அதனால் கணவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பெற்ற பிள்ளையின் உடம்பைப் பற்றி அப்பாவிடம் பேசுவதில் என்ன கூச்சம்? அப்பா தெரிந்துகொள்ளக் கூடாத விஷயம் என்று நீங்கள் ஒதுக்கி வைப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவமானப்பட வேண்டிய ஏதோ ஒன்று என்று அவள் முடிவுகட்டியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது எங்கே தெரியுமா? அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். உடம்பில் ஏதோ வந்தது. ஏழெட்டு மாதம் ஒளித்து வைத்தாள். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து முட்டை இல்லை, பால் இல்லை, காரணமும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இதைத் தண்டனை என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைக்கும்? வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து புரதத்தை எடுத்துவிட்டு அதைப் பொறுப்பு என்கிறீர்கள். உங்கள் பொறுப்பு அவளிடம் பேசுவது. பெண் பிள்ளை தன் உடம்பைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அம்மா வாயிலிருந்து. வகுப்புத் தோழி முந்திக்கொண்டால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் இரண்டு பேரும் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணரிடம் அவர் அனுப்புவார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயது பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனை இருக்கலாம். பழைய உயரக் குறிப்பு எங்காவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். சீக்கிரம் தொடங்கும் பிள்ளை முதலில் சட்டென்று வளரும், அப்புறம் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும், அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன். சில பிள்ளைகளுக்கு மார்பு மட்டும் வளர்ந்து அதோடு நின்றுவிடுவதும் உண்டு. பருவ மாற்றத்தை நிறுத்திவைக்கும் ஊசி இருக்கிறது, எல்லோருக்கும் தேவைப்படாது. பனியன் எத்தனை மாதமாக என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பில் வந்த மாற்றம் உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளைப் பற்றி, பயந்தது, அழுதது எதையும் விடாமல் சொல்லுங்கள். அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். இரண்டாவது பனியனைக் கழற்றச் சொல்லாதீர்கள். அது தானாகக் கழறட்டும். காலையில் முட்டையை அவள் தட்டில் வையுங்கள்.