லீஹைக்குக் குடிவரும் தம்பிக்கு: மார்மன் அக்கம்பக்கத்தைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்

தம்பி, கோவையிலிருந்து மனைவியோடும் ஏழு வயது மகளோடும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து லீஹை நகருக்கு வேலை மாறி வரப்போவதாகச் சொல்லி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, பனிக்காலம், கார் ஆகிய மூன்றுக்கும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் நம்மவர்களே அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். நான்காவதாகக் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்: "சுற்றுவட்டாரம் முழுவதும் மார்மன்கள் என்கிறார்களே, நாங்கள் சைவக் குடும்பம், மதம் மாறச் சொல்லித் தொல்லை கொடுப்பார்களா? அவர்களுடைய பக்தி உள்ளபடியே பக்திதானா, ஆள் சேர்ப்பதற்கான இனிப்புப் பேச்சா?" நான் அதே மாநிலத்துப் புரோவோ நகரில் வந்து இறங்கியபோது இதே கேள்வி என்னிடமும் இருந்தது, கேட்பதற்குத்தான் தமிழ் பேசும் ஒருவரும் கிடைக்கவில்லை. கணவர் விடியுமுன் ஆய்வகத்துக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புவார். தரைக்குக் கீழே பாதி புதைந்த வாடகை வீட்டில், சன்னல் மட்டத்துக்குப் பனி குவிந்து கிடக்க, கைக்குழந்தையோடு நான் இருந்த அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வாய் திறந்து பேசியவர்கள் அத்தனை பேரும் மார்மன்கள் என்று அழைக்கப்படும் அந்தக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள்.

தொல்லை கொடுக்கமாட்டார்கள், ஆனால் கேட்பார்கள், அழைப்பார்கள். வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு பையன்கள் ஒருநாள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 18 வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, பெரும்பாலும் குடும்பத்தின் செலவிலேயே, அனுப்பிய ஊருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்பவர்கள் அவர்கள். பெண்களுக்கு அது 18 மாதம். தங்கள் வேதங்களில் ஒன்றான மார்மன் நூலைக் கையில் கொடுத்து, படித்துப் பார்த்து இது உண்மைதானா என்று கடவுளிடமே கேளுங்கள் என்பார்கள். அந்த நூலின் கடைசிப் பகுதியிலேயே அப்படிக் கேட்கச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. நம்மவர்கள் காரியத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி, "படித்துப் பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பையன்கள் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால், விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வாட்ஸப் குழுவில் விடாமல் துரத்துகிறார்கள் என்று புலம்புகிறார்கள். வரச் சொன்னது யார் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அந்தக் குழுவில் இன்றுவரை என்மீது மனத்தாங்கல் உண்டு. "எங்கள் வழிபாட்டில் நாங்கள் நிறைவாக இருக்கிறோம், மாறும் எண்ணம் இல்லை, வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அதில் வருத்தமில்லை. அந்த நேரத்தில் இன்னொரு கதவைத் தட்டலாமே.

அவர்களுடைய பக்தி மெய்யா என்பதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கிடைக்காது; வாரநாள்களைப் பார்க்கவேண்டும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப் பெயர். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. மார்மன் என்று சுருக்கிச் சொல்லவேண்டாம் என்று அதன் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார், ஆகவே நேரில் பேசும்போது கவனமாக இருங்கள். யூட்டாவில் இரண்டு மூன்று தெருக்கள் சேர்ந்தாலே ஒரு வார்டு, அதாவது சேர்ந்து வழிபடும் ஓர் உள்ளூர்ச் சபை. எந்த வார்டுக்குப் போவது என்பதை நீங்கள் குடியிருக்கும் முகவரி முடிவு செய்யும். பிடித்த போதகரைத் தேடிக்கொண்டு ஊர் தாண்டிப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அந்த வார்டின் பிஷப் சம்பளம் வாங்காதவர். பகலில் பல் மருத்துவராகவோ குழாய் வேலைக்காரராகவோ பிழைப்பைப் பார்த்துவிட்டு, மாலைகளிலும் விடுமுறைகளிலும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பொறுப்பைச் சுமப்பவர். தவணை முடிந்த மறுவாரமே அவரைச் சிறு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவரும் போய் நின்று பாடுவார். நம் ஊர்த் திருவிழாவில் மண்டகப்படி பிரித்துக்கொள்வதைப்போல் ஏதாவது ஒரு காரியம் ஒவ்வொருவர் தலையிலும் வந்து விழுகிறது, வேறுபாடு என்னவென்றால் அங்கே திருவிழா ஆண்டு முழுவதும் நடக்கிறது.

ஒரு மனிதர் ஆன்மிகத்தில் வளர்வது எப்படி என்று அவர்களைக் கேட்டால், வேதவசனம், ஜெபம், பரிசுத்த ஆவியின் வழிநடத்தல் என்று சொல்வார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவரை அவர்களை வளர்ப்பது இந்தப் பொறுப்புதான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசிய ஒரு பெண்ணை, பெண்கள் அமைப்பான ரிலீஃப் சொசைட்டியின் தலைவியாக நியமித்தார்கள். நோயில் கிடப்பவர் யார், வேலை இழந்தவர் யார், பிள்ளை பெற்றவர் யார் என்று கணக்கு வைத்து வீடு வீடாகச் சாப்பாடு போகச் செய்தார் அவர். அந்தத் தவணை முடிந்தபோது பழைய ஆளாக இல்லை. தகுதி வந்தபின் பொறுப்பு என்று காத்திருக்காமல், பொறுப்பைக் கொடுத்துத் தகுதியை வரவழைக்கும் அந்த ஏற்பாட்டை நம் தமிழ்ச் சங்கங்கள் கற்றுக்கொண்டால் நாற்காலிச் சண்டையில் பாதி குறையும். இது என் நெடுநாள் ஆதங்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைத்தால் ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள். போனால் மாறிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் இன்னும் நல்லது. அன்று பெரியவர்கள் இரண்டு வேளை உணவைத் தண்ணீர்கூட இல்லாமல் விட்டுவிட்டு, அந்த உணவுக்கு ஆகும் தொகையையோ அதற்கு மேலோ ஏழைகளுக்கென்று சபையிடம் கொடுப்பார்கள். மேடையில் அலங்காரம் இருக்காது, காணிக்கைத் தட்டும் சுற்றி வராது. பத்தில் ஒரு பங்கு தசமபாகத்தை அவரவர் தனியே செலுத்திவிடுகிறார்கள். கடையில் வாங்கிய சாதாரண ரொட்டியைப் பிய்த்துப்போட்ட தட்டையும், ஒரு மடக்குத் தண்ணீர் மட்டும் கொள்ளும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் அடுக்கிய தட்டையும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்கள், சட்டை இடுப்பைவிட்டு வெளியே வர, வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள், திராட்சரசம் கிடையாது. உங்களிடம் தட்டு வந்தால் எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தவருக்கு நகர்த்திவிடலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு விரும்பியவர்கள் எழுந்து போய்ச் சாட்சி சொல்வார்கள். சில சாட்சிகள் மனப்பாடம். ஒரே வாக்கியங்கள் மாதம்தோறும் திரும்பி வரும். ஆனால் மகன் போதைப் பழக்கத்தில் விழுந்த ஒரு தகப்பன், தனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றும் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை என்றும் சொல்லிவிட்டு இறங்கியதை அங்கேதான் கேட்டேன். கந்தசஷ்டி விரதம் இருந்து பழகிய எனக்கு அந்தப் பசித்த கூட்டத்தின் நடுவே அந்நியம் தோன்றவில்லை.

இனி உங்கள் மகளைப் பற்றிய எச்சரிக்கை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். மார்மன் பிள்ளைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம். அந்த ஆண்டு அவளுடைய வகுப்புத் தோழிகள் ஒவ்வொருவராக வெள்ளை உடை, தண்ணீர்த்தொட்டி, தாத்தா பாட்டி, விருந்து என்று பேசிக்கொண்டு வருவார்கள். எனக்கு எப்போது என்று அவள் கேட்பாள். அப்போது திணறாதீர்கள். அதைவிட அடிக்கடி வரும் கேள்வி திங்கட்கிழமை மாலையைப் பற்றியது. அன்று மார்மன் வீடுகளில் குடும்பம் முழுவதும் கூடி உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு சிறு பாடம், ஒரு விளையாட்டு, கடைசியில் ஏதாவது தின்பண்டம் என்று கழிப்பார்கள். 1915-லிருந்து சபை வலியுறுத்திவரும் வழக்கம் இது. என் மகளும் கேட்டாள், நம் வீட்டில் திங்கட்கிழமை என்ன செய்வோம் என்று. அன்றுமுதல் எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு விளக்கேற்றி ஒரு தேவாரப் பதிகம் பாடி, அதன் பொருளைப் பேசி, சுண்டலோடு முடிப்பது வழக்கமாயிற்று. திருநெல்வேலியில் இருந்திருந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போவதோடு என் கடமை முடிந்திருக்கும். பதிகத்தின் பொருளை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கமாட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகளை எந்த வழிபாட்டிலும் பழக்காமல், "பெரியவர்களானால் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம்மவர் சிலர், அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தோழர்களோடு செமினரி வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் பதறுகிறார்கள். சபை நடத்தும் வேதபாட வகுப்பு அது; பள்ளிக்கு ஒட்டிய சபைக் கட்டடத்தில், பள்ளி நேரத்திலேயே நடக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்டால்தான் சேர்ப்பார்கள்.

உணவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1833-இல் ஜோசப் ஸ்மித் வழியாக வந்ததாக அவர்கள் நம்பும் கட்டளைப்படி மது, புகையிலை, காப்பி, தேயிலை ஆகியவை கூடாது. நம் வீட்டில் டிகாக்ஷன் இறங்கும் மணத்துக்கு யாரும் முகம் சுளித்ததில்லை, ஆனால் வற்புறுத்தி ஊற்றிக் கொடுக்காதீர்கள். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காப்பித்தூள் சேராமல் கொதிக்கவைத்துக் கொடுங்கள், கோடையில் பானகம் கொடுங்கள். எங்கள் தெருவில் என் பானகத்துக்கு ஒரு பேரே உண்டு. பிறந்தநாள், கொலு எதையும் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு அவர்கள் வரவில்லையே என்று குறைப்படாதீர்கள். அன்று கடைக்குப் போவதைக்கூடப் பலர் தவிர்ப்பார்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடம் வேறு, சபையில் தகுதி பெற்றவர்கள் மட்டுமே நுழையும் அவர்களுடைய கோயில் வேறு. அலுவலகத் தோழரின் திருமணம் அந்தக் கோயிலில் நடந்தால், உங்களுக்கு வரவேற்பு விருந்துக்கு மட்டுமே அழைப்பு வரும். சபையில் இல்லாத பெற்றோர்கூட உள்ளே போகமுடியாமல் வெளியே காத்திருப்பதுண்டு. புதிய கோயில் அர்ப்பணிக்கப்படுவதற்கு முன் சில வாரங்கள் எல்லோரையும் உள்ளே விடுவார்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் கோயில் 2023-இல் அர்ப்பணிக்கப்படுமுன் அப்படித்தான் நானும் வரிசையில் நின்று பார்த்தேன்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வார்டில் ஒவ்வொரு வீட்டையும் கவனித்துக்கொள்ள ஆட்களை நியமிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உங்களைத் தேடி வரும் அன்பில் எது தானாக வந்தது, எது பட்டியல்படி வந்தது என்று முதலில் பிரித்தறிய முடியாது. நாங்கள் சேரப்போவதில்லை என்று தெரிந்தபின் எங்களிடம் வருவதையே நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. ஒரு வீட்டில் பிள்ளைகளை என் மகளோடு விளையாட விடுவதையும் நிறுத்தினார்கள். அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அதே சமயம், பட்டியல்படி வந்து பட்டியல் மாறிய பிறகும் நின்றவர்கள் அதற்கும் அதிகமானவர்கள். ஆகவே நட்பை ஓராண்டு கழித்து எடை போடுங்கள், வந்த மாதத்தில் போடாதீர்கள்.

இன்னொரு பக்கம், பலதார மணத்தை வைத்துக் கேலி பேசுவதை அறிவாளித்தனம் என்று நினைக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். சபை 1890-இலேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று அப்படி மணப்பவரைச் சபையிலிருந்து நீக்குகிறார்கள். கோயில் சடங்கு முடித்தவர்கள் ஆடைக்குள் அணியும் புனித உள்ளாடையைப் பற்றிய சிரிப்பும் அப்படியே. பூணூலையும் திருநீற்றையும் ஒருவர் அலுவலகத்தில் கேலி செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? நம்பிக்கை தளர்ந்து சபையைவிட்டு விலகியவர்களும் உங்களுக்கு அறிமுகமாவார்கள். குடும்பம், திருமணம், வியாபாரத் தொடர்பு எல்லாம் சபையோடு பின்னிக் கிடப்பதால் அவர்கள் படும் பாடு பெரிது, நம்மைப்போன்ற வெளியாரிடம்தான் மனம் திறப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதை மறுநாள் அக்கம்பக்கத்தில் விவாதப்பொருளாக்காதீர்கள்.

என் தாயார் திருநெல்வேலியில் காலமானபோது குழந்தைக்குக் கடும் காய்ச்சல், என்னால் போகமுடியவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி வந்தார், எதுவும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவினார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் தாயாரின் பெயர், அவருடைய தாயாரின் பெயர், பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வம்சாவளி தேடுவது அவர்களுக்கு இறைப்பணி. சால்ட் லேக் சிட்டியில் அதற்கென்றே பெரிய நூலகம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போய்த் தேடலாம். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் கோயிலில் பதிலாளாக ஞானஸ்நானம் பெறும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அவரவர் தம் சொந்த முன்னோர் பெயரை மட்டுமே கொடுக்கவேண்டும் என்பது சபையின் விதி. அது தெரிந்திருந்ததால், பெயர்களைச் சொல்கிறேன், ஆனால் கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று அவரிடம் நேராகச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம் குறிப்பேட்டில் எழுதிய தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்து, "அப்படியானால் நீயே எழுதி வை, உன் மகளுக்கு வேண்டியிருக்கும்" என்றார். அவர் சொல்லித்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன்; இந்தப் பதிலில் பாதி அதிலிருந்து எடுத்ததுதான்.

சவுத் ஜோர்டானில் கணேசர் கோயில் இருக்கிறது. ஸ்பானிஷ் ஃபோர்க்கில் கிருஷ்ணர் கோயிலும் உண்டு. அதன் கட்டுமானத்துக்கே மார்மன் மாணவர்கள் கைகொடுத்தார்கள், ஹோலிக்கு அங்கே வந்து குவியும் கூட்டத்தில் பெரும்பாலோர் புரோவோவில் சபை நடத்தும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். வீடு பார்த்து முடிந்ததும் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்து வீட்டாரை அழைக்கமுடியாது.