மோர் குடித்து வளர்ந்தவனின் பீர்

கேள்வி: வீட்டிலேயே பீர் தயாரித்த அனுபவம் உண்டா? பீர் வகைகளில் உங்களுக்குப் பிடித்தது எது? சென்னையில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த அதே சட்டம்தான். அதற்குப் பிறகு கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 2003இல் சில்லறை விற்பனையே அரசின் கைக்குப் போனது. சட்டத்தின் பெயரில் மட்டும் மதுவிலக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இணையத்தில் ஈஸ்ட் பொட்டலம் கிடைக்கிறதே என்று திருவான்மியூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆரம்பித்துவிடாதீர்கள்.

நான் காய்ச்சியதெல்லாம் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், வேலைக்காக அங்கே இருந்த ஐந்து வருடங்களில். அங்கும் ஒரு காலத்தில் இது குற்றமாகத்தான் இருந்தது. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 757 லிட்டர், வரி கட்டாமல் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. இத்தனைக்கும் அலபாமா, மிசிசிப்பி இரண்டு மாநிலங்களும் 2013இல்தான் ஒத்துக்கொண்டன.

"பீர் காய்ச்சுகிறேன்" என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதுதான் நான் செய்த முதல் தவறு. தமிழில் 'காய்ச்சுவது' என்றாலே பக்கத்தில் 'சாராயம்' வந்து நின்றுகொள்கிறது. பானை, ஊறல், போலீஸ், ஊறலைக் கீழே கொட்டி அழிக்கும் செய்தித்தாள் புகைப்படம் எல்லாம் அம்மாவின் கண் முன் ஓடியிருக்க வேண்டும். பீரில் வடித்தல் கிடையாது, ஆவியைப் பிடிப்பது கிடையாது, தானியத்தை ஊறவைத்து, வேகவைத்து, புளிக்க வைப்பதோடு சரி என்று விளக்கினேன். என்ன தானியம் என்று கேட்டார். பார்லி என்றேன். ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, உடைத்தது.

"அது கேழ்வரகு மால்ட்டுக்குச் செய்வதுதானே" என்றார் அம்மா. கோபம் பாதி இறங்கிவிட்டது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால், சாதாரண மாவுக் கஞ்சி அளவுக்கு அது கெட்டிப்படாது. முளைவிடும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள் மாவுப்பொருளை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுவதுதான் காரணம். பீரின் முதல் வேலையும் அதுவே. உடைத்த பார்லி மால்ட்டை ஏறத்தாழ 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகி பீர் இனிப்பே இல்லாமல் வறண்ட ருசிக்குப் போய்விடும். கூடினால் நாக்கில் கனமாக நிற்கும். 75ஐத் தாண்டவிட்டால் நொதிகள் வெந்துவிடும், கஞ்சி கஞ்சியாகவே இருக்கும். மூடியைத் திறந்தால் வரும் வாசனையை உங்களுக்கு விவரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹார்லிக்ஸ். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் எவர்சில்வர் டம்ளரில் வந்த அதே வாசனை. ஹார்லிக்ஸும் முளைத்த பார்லியில் செய்வதுதான் என்பதை முப்பது வயதில் அந்தப் பானையின் முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வடிகட்டி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட வேண்டும். தொடக்கத்தில் போட்டது கசப்பாகும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டது வாசனையாகும். நாம் கடைசியில் கொத்தமல்லி தூவுகிற அதே கணக்கு. ஓரிகன் ஹாப்ஸ் விளையும் ஊர். பம்பளிமாஸ் குடும்பத்து கிரேப்ஃப்ரூட் பழத்தின் தோல் வாசனை வீசும் காஸ்கேட் என்ற ரகம் அந்த மாநில ஆராய்ச்சியில் உருவாகி 1972இல் வெளிவந்தது. அமெரிக்கப் பீரின் போக்கையே அந்த ஒரு கொடி மாற்றிவிட்டது என்று அங்கே ஆளுக்கு ஆள் சொல்வார்கள். ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, இருபது டிகிரியில் இரண்டு வாரம் மூடி வைப்பதும், எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவிக்கொண்டே இருப்பதும் அலுப்பான பகுதி. உண்மையில் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால் பங்கு பாத்திரம் தேய்ப்பதுதான்.

நான் மாட்டிக்கொண்டது நான்காவது தடவையில். பால்காரரின் பாலைச் சோதிக்கும் பால்மானி போல இதற்கும் ஒரு கருவி உண்டு, ஹைட்ரோமீட்டர். தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்தால், காய்ச்சியவுடன் 1.050 காட்டும் திரவம், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுமுடித்ததும் 1.012 போல இறங்கி நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு ஐந்து சதவீத ஆல்கஹால் என்று கணக்கிடலாம். என்னுடையது 1.020இல் நின்றது. விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில், முடிந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, நுரைக்காகச் சேர்க்கும் 120 கிராம் சர்க்கரையையும் கலந்து, நாற்பத்தெட்டு பாட்டில்களில் அடைத்துத் துணி அலமாரிக்குள் வைத்தேன். உள்ளே ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்ததே தவிர சாகவில்லை, விழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்று பாட்டிலுக்குள் வாயுவை நிரப்பியது. பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது. அடுத்த அரை மணியில் இன்னும் ஆறு. மனைவியின் பட்டுப்புடவைகள் இரண்டு அந்த அலமாரியில்தான் இருந்தன. மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

இனி ருசிக்கு வருகிறேன். போர்ட்லாந்தில் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட இந்தியா பேல் ஏல் என்ற பீரைக் குடிக்காவிட்டால் ஊரை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். எல்லாருக்கும் அதன் கசப்புதான் பெருமை. "இந்தியாவுக்காகச் செய்த பீராயிற்றே, உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று என்னைக் கேட்பார்கள். நீண்ட கடல் பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஒருவர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கதை, அவ்வளவுதான். லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கடன் கொடுத்தார். அதனால் அவர் பீர் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்தது. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் தாராளமாகவே கப்பலேறியது. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலையைக் கடந்து கரை சேர்ப்பார்கள். நான்கு மாதம் கடலில் பத்திரமாக வந்த பீப்பாய் கடைசி அரை மைலில் வாங்கியிருக்கும் அடியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பாகற்காய் தின்று வளர்ந்தவனுக்குக் கசப்பு என்ன புதிதா என்று நீங்களும் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள், நம் சமையலில் கசப்பைத் தனியாக விடுவதே இல்லை. பாகற்காய்க்குப் புளியும் வெல்லமும், வேப்பம்பூவுக்கு மாங்காய் பச்சடி, சுண்டைக்காய் வற்றலுக்குக் குழம்பு. கசப்பு வந்தால் கூடவே புளிப்போ இனிப்போ துணைக்கு வர வேண்டும். துணையில்லாமல் எழுபது அலகு கசப்போடு வந்து நிற்கும் பேல் ஏல் எனக்கு மருந்து. வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்புப் பீரான ஸ்டவுட் பிடிக்கும், சிக்கரி கலந்த காபிக்குப் பழகிய நாக்கு என்பதால். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம், இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளைக்கு மேல் வேண்டாம். குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் வகையை நான் காய்ச்சியதே இல்லை. பத்து டிகிரியில் வாரக்கணக்காக வைக்கத் தனிக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், அந்தப் பேச்சைப் பட்டுப்புடவைக்குப் பிறகு வீட்டில் எடுக்க முடியவில்லை.

என்னுடைய பீர் எது என்று எனக்குத் தெரிந்தது 'கோஸ' என்ற ஜெர்மன் வகையைக் குடித்த அன்று. கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து லைப்சிக் நகரத்தில் பேர் வாங்கியது. கோதுமையும் பார்லியும் அடிப்படை. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை மூன்றும் சேரும். இதை எழுத்தில் படித்தாலே உங்களுக்குப் புரிந்திருக்கும்: நீர்மோர். 1966இல் லைப்சிக்கில் இதைக் காய்ச்சிய கடைசி ஆலையும் நின்றுபோய், 1980களில்தான் மீண்டும் உயிர்பெற்றது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்ற பவேரியாவின் 1516ஆம் ஆண்டு விதியைத் தூக்கிப் பிடிக்கும் நாட்டில், உப்பும் மல்லியும் போட்ட இந்தப் பீருக்கு வட்டாரப் பழக்கம் என்ற பெயரில் விலக்கு உண்டு.

அடுத்த மாதமே காய்ச்சினேன். புளிப்புக்கு ஈஸ்ட் உதவாது. தயிரைப் புளிக்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபாசிலஸ் வேண்டும். மால்ட்டை வடித்த நீரில், ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே, உடைக்காத மால்ட் ஒரு கைப்பிடி போட்டு மூடினால் போதும். பார்லியின் உமியிலேயே அந்தக் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உறை. முப்பத்தெட்டு டிகிரியில் ஒன்றரை நாள் வைக்க வேண்டும். டிசம்பர் மாதம், வெளியே இரண்டு டிகிரி. என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. குளிர்நாட்டுக்குப் போன தமிழர் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான்: கேக் சுடும் ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டேன். இட்லி மாவை அப்படித்தானே பொங்க வைக்கிறோம். பெரிய பானை உள்ளே போகாது என்பதால் பத்து லிட்டர்தான். புளித்ததும் கொதிக்கவைத்து, பத்து கிராம் உப்பு, பதினைந்து கிராம் இடித்த மல்லி விதை, பேருக்குக் கொஞ்சம் ஹாப்ஸ், பிறகு ஈஸ்ட்.

பதினைந்து கிராம் என்பது அடிபட்டுக் கற்ற அளவு. முதல் தடவை தாராளமாக ஐம்பது போட்டேன். பாட்டிலைத் திறந்தால் ரசம். பெருங்காயம் ஒன்றுதான் குறை. இன்னொரு விஷயம்: அங்குள்ள பெரிய கடைகளில் பெரும்பாலும் கிடைத்தது உருண்டையான மல்லி விதை, அதில் ஒரு பச்சைக் காய்கறி வாடை இருக்கும். கோதுமைப் பீர் காய்ச்சுகிறவர்கள் இந்தியக் கடையைத் தேடிப் போய் நம்முடைய நீள்வட்ட மல்லியை வாங்குவார்கள், அதில் எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும் என்பதற்காக. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் நண்பர்கள் என்னை நிபுணனாக மதித்தார்கள்.

அந்தக் கோடையில் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வந்து தங்கினார்கள். அப்பா கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் மூன்று முறை பீர் குடித்ததாக அவரே கணக்கு வைத்திருக்கிறார். நான்காவதாக நான் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நேற்றைய மோரா?" என்றார். பாதி குடித்த பிறகு, "கறிவேப்பிலை போட்டிருக்கலாம்" என்றார். குவளையைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

சென்னைக்குத் திரும்பிய பின் காய்ச்சுவதை விட்டுவிட்டேன். நண்பர்கள் கூடும்போது மேசைக்கு வருவதெல்லாம் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில். அதைப் பனிக்கட்டியாகக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள். குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்வதால் அந்த பீருக்கு அதுதான் நல்லது. சித்திரை வெயிலுக்கு எட்டு சதவீத பீர் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நம் ஊருக்குப் பொருத்தமானது நான்கு நான்கரை சதவீதத்தில், புளிப்பும் ஒரு கல் உப்புமாக இருக்கும் பீர். வேடிக்கை என்னவென்றால், முப்பத்தைந்து டிகிரி வெக்கையிலும் கோணாமல் வேலை செய்யும் 'குவைக்' என்ற ஈஸ்ட் இருக்கிறது. அது நார்வே விவசாயிகளிடம் இருந்து வந்தது. நம் கத்திரி வெயிலுக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற ஈஸ்ட் அந்தக் குளிரில் போய்ப் பிறந்திருக்கிறது. பெங்களூரு போனால் இந்திராநகர் பக்கம் கோதுமைப் பீர் ஒன்று வாங்கிக் குடிப்பேன். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டும் ஈஸ்ட் தருவது, யாரும் போட்டதில்லை. நீங்கள் பீரை ருசிக்கத் தொடங்குவதாக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

பானையைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டோம். குடியிருப்பில் பொங்கல் விழாவுக்கு வருடம் தவறாமல் அதை வாங்கிப் போகிறார்கள். அதன் பூர்வீகம் சங்கத் தலைவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். போன மே மாதம் உப்பில்லாத மோரைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த போர்ட்லாந்து மோரில் எவ்வளவு உப்பு போட்டாய்?" என்று கேட்டார். பத்து லிட்டருக்குப் பத்து கிராம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒரு டம்ளருக்குக் கால் கிராம்தான் வருகிறது" என்றார் அம்மாவுக்குக் கேட்கும்படி.