ஹாலோவீன் பஞ்ச் ஒளிரவில்லையா? விளக்கைப் பாருங்கள்

டானிக் வாட்டரும் (கசப்பான சோடா பானம்) கிரான்பெர்ரி சாறும் கலந்த உங்கள் பஞ்ச் பானம் ஊதா எல்இடியின் கீழ் ஒளிராததற்குக் காரணம் அநேகமாக விளக்குதான். அது வெறும் ஊதா வெளிச்சம். டானிக்கில் உள்ள குயினைன் என்ற கசப்புப் பொருள் நீலமாகப் பளிச்சிட, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வேண்டும். 365 நானோமீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும் பிளாக்லைட் (புற ஊதா விளக்கு) வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை: வெறும் டானிக்கைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இப்போதுள்ள விளக்கின் கீழ் வையுங்கள். ஒளிர்ந்தால் விளக்கில் குறையில்லை, சாறுதான் மறைக்கிறது. அடர்நிறச் சாறு கதிரையும் ஒளியையும் சேர்த்தே விழுங்கிவிடும். கிரான்பெர்ரியை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, வேண்டுமானால் ஜின் என்று நிறமில்லாதவற்றோடு நிறுத்துங்கள். எனக்குச் சுவையிலும் அதுதான் பிடிக்கும்.

டம்ளர் விளிம்பில் உப்பு தடவும் எண்ணம் இருந்தால் சர்க்கரைக்கு மாறுங்கள். உப்பின் குளோரைடு கரைந்து இறங்கினால் குயினைனின் ஒளிர்வு மங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கர்ப்பிணிகளும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் குயினைனைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு டானிக் இல்லாத ஜாடி ஒன்றைத் தனியாக, பெயர் எழுதி வையுங்கள்.